கந்தளாய்க் குளத்து யப்பான் மீனும் மரபணு மாற்றமும்: எதற்குப் பயப்பட வேண்டும்?

கந்தளாய்ப் பக்கம் பெரிய யப்பான் மீனைக் கண்டால் “இது ஊசி போட்ட மீன், வாங்காதே” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இன்னும் சிலர் ஒரு படி மேலே போய் “மரபணு மாற்றின மீன்” என்கிறார்கள். இந்தப் பேச்சு கடல் கடந்தும் போயிருக்கிறது. போரில் கணவரை இழந்த பெண்களுக்கு வாழ்வாதார உதவியாக மீன் வளர்ப்புக் குளம் அமைத்துக் கொடுக்க முன்வந்த ரொறன்ரோ ஊர்ச் சங்கமொன்றைச் சேர்ந்தவர், விடப்போகும் குஞ்சுகள் “கிஃப்ட் திலாப்பியா” என்று கேள்விப்பட்டதும் பணத்தை நிறுத்தி வைத்துவிட்டு என்னிடம் விளக்கம் கேட்டார். மரபணு மாற்றிய உயிரினத்துக்குப் பணம் கொடுத்து ஊர்க் குளத்தைக் கெடுத்த பழி தங்கள் சங்கத்துக்கு வந்துவிடக் கூடாது என்பது அவருடைய கவலை. நியாயமான கவலைதான். அவருக்கு எழுதிய பதிலை விரித்து இங்கே தருகிறேன்.

சுருக்கமான பதில் இது: கிஃப்ட் திலாப்பியா மரபணு மாற்றிய மீன் அல்ல. கந்தளாயில் இப்போது பிடிபடும் மீன்களில் அப்படியொன்றும் இல்லை. ஆனால், மரபணு மாற்றிய மீன்களைப் பற்றி விஞ்ஞானிகள் எதற்கெல்லாம் அஞ்சுகிறார்களோ, அவற்றில் பாதி மரபணு மாற்றம் எதுவும் இல்லாமலேயே எங்கள் குளங்களில் நடந்து முடிந்துவிட்டது. ஆகவே பயம் பிழையல்ல, அது நிற்கும் இடம்தான் பிழை.

கிஃப்ட் என்பது ஆங்கிலப் பெயரொன்றின் முதலெழுத்துகள். “மரபுவழி மேம்படுத்தப்பட்ட வளர்ப்புத் திலாப்பியா” என்று அதைச் சொல்லலாம். அந்த “மரபு” என்ற சொல்தான் குழப்பத்தின் மூலம். 1988இல் பிலிப்பைன்ஸில், இன்று வேர்ல்ட்ஃபிஷ் என அறியப்படும் சர்வதேச ஆய்வு நிறுவனம் நோர்வே நாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து இந்த வேலையைத் தொடங்கியது. எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நான்கு நாடுகளிலிருந்து நைல் திலாப்பியாவைக் கொண்டுவந்து, ஆசியாவில் ஏற்கெனவே வளர்க்கப்பட்ட இனங்களுடன் கலந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் வேகமாக வளர்ந்தவற்றைத் தெரிந்தெடுத்து மீண்டும் இனப்பெருக்கம் செய்வித்தார்கள். நல்ல பால் தரும் பசுவின் கன்றை வீட்டில் நிறுத்திக்கொண்டு மற்றதை விற்கிறோமே, அதே வேலைதான். கணக்கும் ஆய்வுகூடமும் சேர்ந்துகொண்டன, அவ்வளவே. வேறு உயிரினத்தின் மரபணு எதுவும் அதற்குள் செலுத்தப்படவில்லை. ஐந்து தலைமுறைகளில் அது தொடக்க இனத்தைவிட ஏறத்தாழ 80 வீதத்துக்கு மேல் கூடுதலாக வளர்ந்தது. இன்று ஆசியா முழுவதும் அதன் வழித்தோன்றல்கள் வளர்க்கப்படுகின்றன.

மரபணு மாற்றம் என்பது வேறு. முட்டை கருவுற்றதும் மிக நுண்ணிய ஊசியால் இன்னொரு உயிரினத்தின் டிஎன்ஏ துண்டை அதற்குள் செலுத்துவது. “ஊசி போட்ட மீன்” என்று சந்தையில் சொல்வது ஒருவகையில் இதற்குத்தான் பொருந்தும், ஊசி முட்டைக்குப் போடப்படுகிறது என்பதைத் தவிர. 1985இல் சீனாவின் வூஹானில் சூ சுவோயான் என்ற விஞ்ஞானியின் குழு மனித வளர்ச்சி ஹோர்மோன் மரபணுவைத் தங்கமீனுக்குள் செலுத்தியதுதான் இந்தத் துறையின் தொடக்கம். தமிழர் பக்கத்திலும் இது நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 1991இல் இந்தியாவின் முதலாவது மரபணு மாற்றிய மீன் உருவாக்கப்பட்டது. பின்னர் பேராசிரியர் தி. ஜெ. பாண்டியனின் குழு, ரோகு மீனின் சொந்த வளர்ச்சி மரபணுவையே மேலதிகமாக அதற்குள் செலுத்தி, பல மடங்கு வேகமாக வளரும் ரோகுவை ஆக்கியது. அது ஆய்வுகூடத்தைத் தாண்டி வளர்ப்புக் குளத்துக்கு வரவில்லை.

உணவுக்கென்று அனுமதிபெற்றுச் சந்தைக்கு வந்த முதலாவது மரபணு மாற்றிய விலங்கு ஒரு சால்மன் மீன். அத்திலாந்திக் சால்மனுக்குள், சினூக் சால்மனின் வளர்ச்சி ஹோர்மோன் மரபணுவையும், குளிர்கடல் மீனொன்றிலிருந்து எடுத்த, அந்த மரபணுவை ஆண்டு முழுவதும் இயங்கவைக்கும் “ஆளி” ஒன்றையும் சேர்த்தார்கள். சாதாரணச் சால்மன் சந்தைக்கு வர ஏறக்குறைய மூன்று வருடங்கள் எடுக்கும். இது 16 முதல் 18 மாதங்களில் தயாராகும். 1989இல் ஆய்வுகூடத்தில் பிறந்த இந்த மீனுக்கு ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015 நவம்பரில்தான் அனுமதி கொடுத்தது. அதன்பின் கனடாவும் கொடுத்தது. 2017ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் கனடாவில் சுமார் 4.5 தொன் மீன் விற்கப்பட்டுவிட்டதாக அக்குவாபவுண்டி நிறுவனம் அறிவித்தது. கனடாவில் மரபணு மாற்றிய உணவுக்கு அடையாளமிடுவது கட்டாயமில்லை. எனவே ரொறன்ரோவிலிருந்து கந்தளாய் மீனுக்காகக் கவலைப்பட்டவருடைய சொந்தச் சாப்பாட்டு மேசைக்கே அது போயிருக்கலாம். இதை அவருக்கும் எழுதினேன், சிரித்தார்.

சாப்பிடுவதால் வரும் கெடுதியைப் பற்றியதல்ல இந்தக் கட்டுரை. அந்த மீன் தப்பி ஆற்றுக்குப் போனால் என்ன ஆகும் என்பதே விடயம். அதற்காக நிறுவனம் பல பூட்டுகளைப் போட்டது. எல்லா மீன்களும் பெண். முட்டைகளுக்கு அழுத்தம் கொடுத்து மூன்று தொகுதி நிறமூர்த்தங்கள் உள்ளவையாக்கி மலடாக்கினார்கள். வளர்த்தது கடலிலல்ல, தரையிலுள்ள மூடிய தொட்டிகளில். ஆனாலும் மலடாக்கல் நூறு வீதம் உறுதியல்ல, ஐந்து வீதம்வரை தவறலாம் என்று அனுமதி நிபந்தனையே இடம் விட்டிருந்தது. 2020 நவம்பரில் அமெரிக்கச் சமஷ்டி நீதிமன்றமொன்று, மீன் தப்பினால் இயற்கைச் சால்மனுக்கு வரக்கூடிய விளைவுகளை நிர்வாகம் முறையாக ஆராயவில்லை என்று தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் நிறுவனம் மீன் வளர்ப்பையே நிறுத்திவிட்டது. அதற்குக் காரணம் சூழலியல் அல்ல, பணம். முப்பத்தைந்து வருடக் கதை அப்படி முடிந்தது.

உண்மையில் தப்பியது உண்ணும் மீனல்ல, அழகு மீன். கடல் உயிரிகளின் ஒளிரும் மரபணுவைச் செலுத்திய வரிக்குதிரை மீன் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவானது. நீர் மாசடைந்தால் ஒளிர்ந்து காட்டும் மீனைச் செய்வதுதான் அங்கே நோக்கமாக இருந்தது. அது அழகு மீன் வியாபாரமாக மாறி, 2003இன் இறுதியில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. பிறேசிலில் இதன் விற்பனைக்குத் தடை இருந்தும், மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் அழகு மீன் பண்ணைகளை அண்டிய ஓடைகளில் சிவப்பும் பச்சையுமாய் ஒளிரும் மீன்கள் குஞ்சு பொரித்து வாழ்வதை ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்டார்கள். யப்பானில் 2023இல் ஒளிரும் சிவப்பு மெடாக்கா மீனை அனுமதியின்றி வளர்த்து விற்றதற்காக ஐவர் கைதுசெய்யப்பட்டனர். ஆய்வுகூடமொன்றிலிருந்து பல வருடங்களுக்கு முன் வெளியே போன முட்டைகளின் வழிவந்தவை அவை. நெல்மணி அளவு முட்டைகூட இல்லை, ஒரு சட்டைப் பைக்குள் போய்விடும்.

ஆயிரத்தில் ஒன்று

ஒரு சில மீன்கள் தப்பினால் என்ன பெரிய விடயம் என்று கேட்கலாம். 1999இல் அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மூயர், ரிச்சர்ட் ஹவார்ட் ஆகிய இருவரும் இதற்கொரு கணக்குப் போட்டார்கள். வளர்ச்சி மரபணு செலுத்திய ஆண் மீன் பெரிதாக இருக்கும். பெரிய ஆணையே பெண்கள் விரும்பும் இனமென்றால் அதற்கு அதிகம் துணை கிடைக்கும். ஆனால் அதன் குஞ்சுகள் சாதாரணக் குஞ்சுகளைவிடப் பிழைத்து வளர்வது குறைவு என்று வைத்துக்கொள்வோம். அப்போது மரபணு ஒவ்வொரு தலைமுறையிலும் பரவும், பரவப் பரவ இனம் மெலியும். 60,000 மீன்களுள்ள கூட்டத்துக்குள் வெறும் 60 மாற்றிய மீன்கள் புகுந்தால் 40 தலைமுறைகளுக்குள் முழு இனமுமே அழிந்துபோகும் என்று அவர்களுடைய கணினி மாதிரி காட்டியது. மரக்குதிரைக்குள் ஒளிந்துபோய் நகரைப் பிடித்த கிரேக்கக் கதையை வைத்து இதற்கு “ட்ரோஜன் மரபணு” என்று பெயரிட்டார்கள். மெடாக்கா மீனில் எடுத்த அளவுகளைக் கொண்டு செய்த கணக்கு இது. எந்த ஆற்றிலும் இன்றுவரை இப்படி நடந்ததில்லை. இந்த இலக்கங்களைத் தனியே எடுத்துப் பயமுறுத்தும் கட்டுரைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதே ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வை அவை சொல்வதில்லை. அதில் ஒளிரும் சிவப்பு வரிக்குதிரை மீன்களைச் சாதாரண மீன்களுடன் பல தொட்டிகளில் பதினைந்து தலைமுறைகள் விட்டுப் பார்த்தார்கள். சாதாரண ஆண்கள் துணைக்கான போட்டியில் வென்றன. ஏறக்குறைய எல்லாத் தொட்டிகளிலும் சிவப்பு மரபணு காணாமல் போனது.

ஆக, எந்த மீன், எந்த மரபணு, எந்த நீர்நிலை என்பதைப் பொறுத்தே எல்லாம். கனடாவின் மேற்கு வன்கூவரில் றொபேட் டெவ்லினின் குழு கோஹோ சால்மனில் கண்டது இதைவிட எனக்கு உறைத்தது. தீனி தாராளமாக இருந்தபோது மாற்றிய மீனும் மாற்றாத மீனும் ஒன்றாக வாழ்ந்தன. தீனி குறைந்ததும் மாற்றிய மீன்கள் பசியால் மூர்க்கமாகி மற்றவற்றைத் துரத்தின, கடித்தன, தின்றன. சில தொட்டிகளில் கூட்டமே சரிந்து ஒன்றிரண்டு மீன்தான் மிஞ்சியது. மாற்றிய மீன் இல்லாத தொட்டிகளில் அதே பஞ்சத்தில் மீன்கள் சிறுத்தாலும் உயிரோடு இருந்தன. வருடத்தில் பாதி நிறைந்தும் பாதி வற்றியும் கிடக்கும் எங்கள் வரண்ட வலயக் குளங்களை நினைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். தீனி தாராளம், பிறகு பஞ்சம் என்பது இங்கே ஒவ்வொரு வருடமும் வருவது.

கந்தளாய் ஒரு தொட்டியல்ல

திருகோணமலைத் தமிழர் மரபில் கந்தளாய்க் குளம் குளக்கோட்டனுடையது. கோணேசர் கோயில் வயல்களுக்கு நீர் பாய்ச்ச அவன் கட்டியது என்பது தலைமுறை தலைமுறையாய் வரும் கதை. சிங்கள வரலாற்று நூல்கள் அதை ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதிக்குக் கொடுக்கின்றன. யார் கட்டினாலும், இன்றைய கந்தளாய் தன் பேராற்று நீரை மட்டும் நம்பி நிற்கவில்லை. மகாவலியைப் பொல்கொல்லையில் மறித்து, 1976 முதல் மலைக்குள்ளான சுரங்கம் வழியாக அம்பன் கங்கைப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். அது போவத்தென்னை, எலஹெர தாண்டி, மின்னேரியாவுக்கு வந்து, அங்கிருந்து பெருவாய்க்கால் வழியாகக் கவுடுல்லைக்கும் கந்தளாய்க்கும் வருகிறது. கந்தளாய்த் தண்ணீர் தம்பலகாமத்து வயல்களில் பாய்ந்து, கழிவுநீராகத் தம்பலகாமம் குடாவில் விழுகிறது. அந்தக் குடா திருகோணமலைத் துறைமுகத்தோடு தொடுக்கப்பட்டது. கண்டிக்குப் பக்கத்தில் ஒருவர் வீட்டுத் தொட்டியைக் கழுவி மீனை ஆற்றில் விட்டால், அந்த நீர்வழியின் கடைசிக் குளம் எங்களுடையது.

இது கற்பனையல்ல. அழகு மீன் கடைகளில் தொட்டியைத் துப்புரவாக்கும் மீன் என்று விற்கப்படும், உடம்பெல்லாம் கேடயம் போட்ட அமேசன் கெளிறு, பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் தற்செயலாகப் புகுந்து பெருகிவிட்டது. ஆய்வாளர்கள் அங்கே அதன் தொகையை அளந்து எழுதியிருக்கிறார்கள். அதன் முள் வலையைக் கிழிக்கும், இறைச்சியை வாங்க ஆளில்லை. இன்னொரு ஆற்றில், தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில், வெளிநாட்டு இராட்சத விரால் பெருகி மற்ற மீன்களின் பிடியைக் குறைத்துவிட்டதாக அங்குள்ள மீனவர்கள் 2025இல் முறையிட்டார்கள். இவை எதிலும் ஆய்வுகூட மரபணு இல்லை.

மீனை வேலிபோட்டு நிறுத்தலாம் என்று நம்புகிறவர்களுக்குக் கந்தளாய்க்காரர் சொல்ல ஒரு தேதி வைத்திருக்கிறார்கள். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. குளத்தில் இருந்தது அத்தனையும் வயலுக்கும் கடலுக்கும் போனது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகியபோதும், எந்தக் குளத்து மீன் எந்தக் குளத்துக்குப் போனதென்று யாராலும் சொல்ல முடியாது. வருடாந்தம் வெள்ளம் வரும் சமவெளியில் “மூடிய பண்ணை” என்ற சொல்லுக்குப் பொருளில்லை என்பது என் எண்ணம்.

நடந்து முடிந்தது

மொசாம்பிக் திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. யப்பானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது ஆபிரிக்க மீன். இரண்டாம் உலகப்போரில் யப்பானியர் பிடித்த சிங்கப்பூர், மலாயாப் பகுதிகளில் அது பரப்பப்பட்டதால் அங்கேயும் அதற்கு யப்பான் பெயர்தான். சோழமண்டலக் கரையில் ஜிலேபி என்கிறார்கள், மட்டக்களப்பில் செப்பலி என்கிறார்கள். பிறகு நைல் திலாப்பியா வந்தது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்தன. தென்னிலங்கைக் குளங்களில் பிடித்த மீன்களில் இந்தக் கலப்பு நடந்திருப்பதை 1980களின் இறுதியிலேயே ஆய்வு காட்டிவிட்டது. கிஃப்ட் மீனின் குஞ்சுகள் குளத்துக்குள் விடப்படும்போது இந்தக் கலவைக்குள் இன்னொரு கலவை சேர்கிறது. மீன்காரர் தராசில் வைத்துத் தரும் மீன் எந்த இனம் என்று நிபுணருக்கே சந்தேகம் வரும்.

இதில் ஒரு வேடிக்கை. தென்னாபிரிக்காவின் லிம்போப்போ ஆற்றுப் பக்கத்தில் மொசாம்பிக் திலாப்பியா தன் சொந்த மண்ணிலேயே அழிந்துகொண்டிருக்கிறது. அங்கே கொண்டுவந்து விட்ட நைல் திலாப்பியாவுடன் கலந்து கலந்து தூய இனம் குறைந்ததால், சர்வதேசச் செம்பட்டியல் அதை அழிவாபத்துள்ள இனமாக வைத்திருக்கிறது. எங்களுக்கு வந்தேறி, அங்கே அகதி.

திலாப்பியா இலங்கைக்குச் செய்தது நன்மையா தீமையா என்று விஞ்ஞானிகளிடையே நீண்ட விவாதம் உண்டு. பேராசிரியர்கள் சீ. எச். பெர்னாண்டோ, சேன த சில்வா போன்றவர்கள் நன்மை என்றார்கள். அவர்களுடைய நியாயம் வலுவானது. இலங்கையில் இயற்கையான பெரிய ஏரிகள் இல்லை. எங்கள் நாட்டு மீன்கள் ஆற்று மீன்கள், ஆழமான குளத்தின் நடு நீரில் வாழப் பழகாதவை. ஆயிரம் வருடங்களாக மனிதன் கட்டிய குளங்களின் அந்த வெற்றிடத்தைத்தான் திலாப்பியா நிரப்பியது. உள்நாட்டு மீன்பிடியின் பெரும்பகுதி அந்த ஒரு மீனில் நிற்கிறது. மறுபக்கத்தில் றொஹான் பெத்தியகொட போன்றவர்கள், ஒரு வந்தேறி நன்றாக விளைகிறது என்பதற்காக அடுத்த வந்தேறிக்கும் கதவு திறக்கக் கூடாது என்று எச்சரித்தார்கள். நான் இரண்டாவது பக்கம். ஆனால் முதலாவது பக்கத்தை ஒதுக்கிவிட என்னால் முடியாது, ஏனென்றால் போர்க்காலம் எனக்கு நினைவிருக்கிறது.

கடலுக்குப் போகப் பாஸ் வேண்டியிருந்த, இரவில் கடல் பூட்டப்பட்டிருந்த வருடங்கள் அவை. பாரையும் சூரையும் வாங்க வசதியில்லாத வீடுகளில் குளத்து மீன்தான் கறி. வன்னியில் வவுனிக்குளமும் முத்தையன்கட்டும் இரணைமடுவும் எத்தனை இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் புரதம் கொடுத்தன என்று கணக்கெடுத்தவர் யாருமில்லை. அதே காலத்தில், 1990இல், அரசாங்கம் மத காரணங்களைச் சொல்லி நன்னீர் மீன்பிடிக்கான உதவியை நிறுத்தியது. 1994வரை குஞ்சு விடுவதுமில்லை, கண்காணிப்புமில்லை. பிடி பலமாகச் சரிந்தது. ஆனாலும் யப்பான் மீன் முழுதாய்ப் போய்விடவில்லை. தாய் தன் வாய்க்குள் முட்டையையும் குஞ்சையும் வைத்துக் காக்கும் மீன் அது, யாரும் விடாமலே பெருகும். ஏழைக்கு அதைக் காப்பாற்றிக் கொடுத்த குணமும், ஒருமுறை விட்டால் திரும்ப எடுக்க முடியாமல் செய்யும் குணமும் ஒன்றுதான். கொஞ்சம் உப்பு நீரையும் அது தாங்கும், அதனால் களப்பும் அதற்குத் தடையல்ல.

கிஃப்ட் மீனைப் பற்றி என் உண்மையான கவலைகள் இரண்டு. முதலாவது, வளர்ப்பு மீன் தப்பிக் காட்டு மீனுடன் கலப்பதன் விளைவு. நோர்வேயில் இயற்கைச் சால்மன் உள்ள ஆறுகளை மரபணுப் பரிசோதனை செய்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் வளர்ப்புச் சால்மனின் மரபணு கலந்திருந்தது. அந்த மீன்களும் தெரிவு முறையில் வந்தவைதான், ஊசி போட்டவையல்ல. இலங்கையில் திலாப்பியாவுக்குச் சொந்தக்காரக் காட்டு இனம் இல்லாததால் இந்த ஆபத்து எங்களுக்கு அதே வடிவில் வராது. எங்கள் விராலோடும் பனையேறியோடும் திலாப்பியா கலக்க முடியாது, இடத்துக்கும் தீனிக்கும்தான் போட்டிபோடும். இரண்டாவது கவலைதான் பெரியது: நோய். திலாப்பியா ஏரி வைரஸ் எனப்படுவது 2014இல் இஸ்ரேலில் அடையாளங் காணப்பட்டது. சில வருடங்களுக்குள் தாய்லாந்து, மலேசியா, பங்களாதேஷ், இந்தியா என்று வந்துவிட்டது. குஞ்சு ஏற்றுமதியோடு பயணிக்கக்கூடிய நோய் அது. ஒரே மீனில் தங்கி நிற்கும் மீன்பிடிக்கு அப்படியொரு நோய் வந்தால் கந்தளாயில் வள்ளத்தைக் கரையேற்ற வேண்டியதுதான். ஆகவே குஞ்சுக்குப் பணம் கொடுப்பவர்கள் “மரபணு மாற்றியதா?” என்று கேட்பதைவிட “எந்தப் பொரிப்பகத்தில் இருந்து வருகிறது, நோய்ப் பரிசோதனை செய்ததா?” என்று கேட்பது பயனுள்ளது. ரொறன்ரோக்காரர் கேட்டார், பதில் எழுத்தில் வந்த பிறகு பணமும் வந்தது.

சட்டம் எங்கே நிற்கிறது

இலங்கை, உயிர்ப்பாதுகாப்புப் பற்றிய கார்ட்டஜினா உடன்படிக்கையை 2004இல் ஏற்று உறுதிப்படுத்தியது. உயிருள்ள மரபணு மாற்றிய உயிரினத்தை ஒரு நாட்டுக்கு அனுப்புமுன் அந்த நாட்டின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்பது அதன் சாரம். உணவாக வருவதற்கு 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் உண்டு, மரபணு மாற்றிய உணவுக்கு அனுமதியும் அடையாளமும் வேண்டும். ஆனால் உயிருள்ள மீன் ஆற்றில் விடப்படுவதைக் கையாளும் உயிர்ப்பாதுகாப்புச் சட்டம் நீண்டகாலம் வரைவாகவே கிடந்தது. குளத்தில் குஞ்சு விடுவது 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் வேலை. குளத்து நீர் நீர்ப்பாசனத் திணைக்களத்துடையது. அழகு மீன் கொழும்பு விமான நிலையம் வழியாக வருகிறது, வந்த பின் அது யாருடைய பொறுப்பு என்பது கையை மாற்றிக்கொண்டே போகும்.

இதைவிட நுட்பமான ஓட்டை ஒன்று இப்போது திறந்திருக்கிறது. வேறு உயிரினத்தின் மரபணுவைச் சேர்க்காமல், மீனின் சொந்த மரபணுவில் ஒரு எழுத்தை வெட்டிவிடும் முறை வந்துவிட்டது. தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மரபணுவை வெட்டிய சதைப்பிடிப்பான சீபிரீமும், இதே முறையில் திருத்திய வேகமாக வளரும் பேத்தை மீனும் 2021இல் யப்பான் சந்தைக்கு வந்தன. வெளி மரபணு இல்லாததால் அங்கே அவை “மரபணு மாற்றியவை” அல்ல. ஆர்ஜென்டீனா 2018இல் இப்படித் திருத்திய ஒரு திலாப்பியாவை மரபணு மாற்ற விதிகளிலிருந்து விலக்கிவிட்டது. திலாப்பியா என்பதைக் கவனியுங்கள். முப்பது வருடங்களுக்கு முன்பே கியூபாவிலும் இங்கிலாந்தின் சவுத்ஹம்ப்ரனிலும் வளர்ச்சி மரபணு செலுத்திய திலாப்பியாக்களை ஆக்கிப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் குளங்களுக்கு ஒருநாள் ஆய்வுகூட மீன் வருமென்றால் அது சால்மனாக இருக்காது. இந்த முறையில் திருத்திய, கண்ணுக்கும் சட்டத்துக்கும் சாதாரணமாகத் தெரியும் யப்பான் மீனாகத்தான் இருக்கும். கார்ட்டஜினாவின் வரைவிலக்கணத்துக்குள் அது வருமா என்பதில் நாடுகளே ஒத்துப்போகவில்லை.

அப்படி ஒன்று விடப்பட்டால் அந்த முடிவு கந்தளாயில் எடுக்கப்படாது. இந்தக் குளத்தின் நீர் எவ்வளவு, யாருக்கு, எப்போது என்பதெல்லாம் 1950களின் குடியேற்றத் திட்டக் காலத்திலிருந்து வெளியில் தீர்மானிக்கப்பட்டே வந்திருக்கிறது. 1980களின் வன்முறையில் இங்கிருந்து எழும்பிப் போன தமிழ்க் குடும்பங்களில் பல திரும்பவில்லை. திரும்பியவர்களில் மீன்பிடிச் சங்கங்களில் இருப்பவர்கள் சிலர்தான். ஆனாலும் நன்னீர் மீன்பிடிச் சங்கத்துக்கு ஒரு பலமிருக்கிறது: குஞ்சு விடும் நாளில் சங்கத்தின் ஆட்கள் கரையில் நிற்பார்கள். வந்த இனத்தின் பெயர், பொரிப்பகம், எண்ணிக்கை மூன்றையும் சங்கக் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கந்தளாயிலும் தம்பலகாமத்திலும், தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று எந்தச் சங்கமானாலும், இதைச் செய்யக் காசு தேவையில்லை.

வலையில் பழக்கமில்லாத மீன் பட்டால் அதைத் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள், வெட்டியும் எறியாதீர்கள். பக்கவாட்டில் ஒரு படமெடுத்து, மீனை ஐஸில் வைத்து அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கோ கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்கோ கொடுங்கள். வீட்டுத் தொட்டி மீன் அலுத்துப்போனால் வாய்க்காலில் விடுவது பாவம் கழுவும் வேலையல்ல, கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். ஆவணி, புரட்டாதியில் சிறுபோக அறுவடை முடிந்து குளம் வற்றி, நீர் ஆழமான பள்ளங்களில் ஒதுங்கும். என்ன மீன் இருக்கிறது என்று பார்க்க, வந்தேறியை வலைபோட்டு எடுக்க, அந்த ஆறேழு கிழமைகள்தான் தோதானவை. ஐப்பசி மழை தொடங்கி மின்னேரியா வாய்க்காலும் ஓடத் தொடங்கினால் எல்லாம் மறுபடி ஒரே தண்ணீர்.